‘செட்வுட்’ என்னும் உரைகல்: ஆங்கிலக் குடும்பப் பெயர் தேடும் சேவைகள் எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு ட்ரங்குப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்துவிட்டால் அதன் விலையே வேறு. ‘துரை வீட்டுப் பெட்டி’ என்பார்கள். எந்தத் துரை என்று கேட்டால் கைப்பேசியை எடுத்துத் தேடிக் காட்டுவார்கள்: ஒரு கேடயம், இரண்டு சிங்கம், ‘உலகில் இத்தனை பேருக்கு இந்தப் பெயர்’ என்று ஓர் எண். அந்தக் கேடயத்தையும் எண்ணையும் எவ்வளவு நம்பலாம், இலவசமாகக் கிடைப்பது எது, காசு கொடுக்க வேண்டியது எதற்கு என்பதுதான் இந்த மதிப்பீடு. பழைய சாமான் வாங்குபவருக்கும் விற்பவருக்கும், பெரிய வீடுகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளுக்கும் உதவும்.

உரசிப் பார்க்க எடுத்த பெயர் செட்வுட். ஆங்கிலத்தில் சி, எச், இ, டி, டபிள்யூ, ஓ, டி, இ என்று எட்டு எழுத்து. அபூர்வமான பெயர், ஆனால் இந்தியாவில் கேட்ட பெயர். டேராடூன் ராணுவ அகாடமியின் முதன்மைக் கட்டடம் செட்வுட் பெயரைத் தாங்கியது. 1930 முதல் 1935 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த பிலிப் செட்வுட் 1932-இல் அந்த அகாடமியைத் தொடங்கி வைத்துப் பேசிய வரிகளைத்தான் இன்றும் அங்கே பயிற்சி முடிக்கும் ஒவ்வொரு இளம் அதிகாரியும் மனப்பாடமாக வைத்திருப்பார்.

செட்டிநாட்டில் இந்தப் பெயரைக் காட்டினால் ‘செட்டு என்றால் நம்ம செட்டிதானே’ என்று யாராவது ஒருவர் சிரிக்காமல் இருக்க மாட்டார். சம்பந்தமே இல்லை. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் செட்வுட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1086-இல் நார்மன் அரசன் எடுத்த நிலக் கணக்கில் அந்த ஊர் பதிவாகியிருக்கிறது. பெயரின் முன்பாதி, ஆங்கிலேயர் வருமுன் அங்கே இருந்த கெல்டிய மக்களின் சொல்; பொருள் காடு. வேல்ஸ் மொழியில் இன்றும் காட்டுக்கு ‘கோய்ட்’ என்பது அதன் உறவுச் சொல். பின்னால் வந்த ஆங்கிலேயருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியவில்லை. ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்துத் தங்கள் மொழியில் ‘வுட்’, அதாவது காடு என்று ஒட்டிவிட்டார்கள். ஆக ஊரின் பெயர் ‘காட்டுக்காடு’. நாம் ‘நடுசென்டர்’ என்கிறோமே, அதே கதை.

இதுதான் முதல் சோதனை. செட்விண்ட் என்று இன்னொரு குடும்பப் பெயர் உண்டு. அது ஷ்ராப்ஷயர் ஊர்ப் பெயர். அங்கே முன்பாதி ‘சியாட்டா’ என்ற ஓர் ஆளின் பெயர். பின்பாதி வளைந்து ஏறும் பாதை. கண்ணுக்கு இரண்டு ‘செட்’டும் ஒன்றுபோல இருக்கும், வேர் வேறு வேறு. இரண்டையும் குழப்பி, செட்வுட்டுக்கும் ஓர் ஆள் பெயரைக் காரணமாகச் சொல்லும் தளம் மற்ற பெயர்களிலும் ஊகத்தில்தான் ஓட்டும். ஒரே நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது.

இதில் முழு மதிப்பெண் பெறுவது ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் 2016-இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதி. 45,000-க்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் 1881-இல் எத்தனை பேர், 2011 வாக்கில் எத்தனை பேர், 1881-இல் எந்த மாவட்டத்தில் அதிகம், பழைய ஆவணங்களில் எந்த ஆண்டில் யார் பெயராக வந்தது என்று அடுக்கிக் கொடுத்திருப்பார்கள். பொருளை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல் ஆதாரத்தையும் பக்கத்திலேயே வைப்பதுதான் இதன் பலம். குறை என்னவென்றால், பிரிட்டனில் நூறு பேருக்கு மேல் உள்ள பெயர்களைக் குறிவைத்துத் தொகுத்தது இது. மிக அபூர்வமான பெயர் தனித் தலைப்பாக இல்லாமல் வேறொரு எழுத்துக்கூட்டலின் கீழ் ஒளிந்திருக்கலாம். நான்கு தொகுதியையும் விலைக்கு வாங்கவேண்டிய அவசியமில்லை. பிரிட்டனின் பல பொது நூலகங்கள் உறுப்பினர்களுக்கு இதன் இணைய வடிவத்தை இலவசமாகத் திறந்துவிடுகின்றன. லண்டனில் மருமகன் இருந்தால் நூலக அட்டை எடுத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

இனி எண்ணிக்கை. இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நகரத்தாருக்கு, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு, இதைப் புரியவைப்பது எளிது. ஊரில் எத்தனை புள்ளி என்று கேட்டால் எத்தனை தலை என்று பொருளல்ல. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கல்யாணமாகாத பையன் கணக்கில் வரமாட்டான். பெண் கல்யாணமாகிப் போனால் கணவனின் கோயில் பிரிவில் சேர்ந்துவிடுவாள். இந்த விதி தெரியாதவர் கையில் புள்ளிக் கணக்கைக் கொடுத்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவார். ஆங்கிலக் குடும்பப் பெயர் எண்ணிக்கையும் அப்படியே. எதை எண்ணினார்கள், எந்த ஆண்டு, யாரை விட்டார்கள் என்ற மூன்றும் இல்லாமல் ஓர் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போடும் தளத்தை மூடிவிடலாம்.

மூன்று வகைக் கணக்குகள் புழங்குகின்றன. 1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதல் வகை. அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர். முழுதும் தட்டச்சாகி இலவசமாகக் கிடைப்பதால் பெயர் வரைபடங்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை. இரண்டாவது, 2002-இல் தேசிய சுகாதாரப் பதிவேட்டிலிருந்து எடுத்த பட்டியல். ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள பெயர்களை அதில் நீக்கிவிட்டார்கள். அதனால் அபூர்வப் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் பெயர் அழிந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. நான்கு பேர் இருந்தாலும் அங்கே பூஜ்யம்தான். மூன்றாவது வாக்காளர் பட்டியல். விற்பனைக்கு வரும் பட்டியலிலிருந்து தன் பெயரை விலக்கிக்கொள்ள 2002 முதல் யாரும் கேட்கலாம். சிறு பெயர்களில் இரண்டு குடும்பம் விலகினால் வரைபடத்தில் ஒரு மாவட்டமே வெறிச்சோடிவிடும்.

‘இன்று எத்தனை பேர்’ என்பதற்குக் கணக்கெடுப்பிலிருந்தே விடை வேண்டும் என்றால் கிடைக்காது. நூறு ஆண்டு கழித்துத்தான் பெயர்களைத் திறப்பார்கள். 1921 கணக்கு 2022-இல் திறந்தது. 1931 கணக்கு 1942-இல் தீயில் போய்விட்டது. 1941-இல் போர், எடுக்கவே இல்லை. அடுத்தது 1951, அது திறக்க 2052 ஆகும். ஆகவே இன்றைய எண்ணிக்கை என்று யார் கொடுத்தாலும் அது மதிப்பீடுதான். ஸ்மித் போன்ற பெயருக்கு அந்த மதிப்பீடு போதும். செட்வுட் போன்றதற்கு, ஒரு வீட்டில் நான்கு பையன்கள் பிறந்தால் வரைபடமே மாறிவிடும்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு வம்பு. இதே ஊர்ப் பெயர்தான் அமெரிக்காவில் சிட்வுட் ஆகிப் பெருகியிருக்கிறது. ‘ஓ-ஓ-டி’ என்று முடியும் வடிவமும் உண்டு. உலக எண்ணிக்கை தரும் தளங்கள் ஒவ்வொன்றையும் தனிப் பெயராக எண்ணுகின்றன. ஊரில் ஒன்று, அயலில் இன்னொன்று என்று பெயர் பிரிந்த குடும்பத்தை இரண்டு குடும்பமாகக் காட்டிவிடும். எண்ணிக்கை எழுதும்போது ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி வரி போட்டுக் கீழே கூட்டுத்தொகை போடுங்கள்.

பயன்படுத்த மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லக்கூடியது ஃப்ரீபிஎம்டி. பத்துக்கு ஒன்பது. காசு இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ் பிறப்பு, திருமணம், இறப்பு அட்டவணைகளை 1837 ஜூலையிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். பெயரைப் போட்டு, பிறப்பு என்று மட்டும் தேர்ந்து, 1837 முதல் 1880 வரை ஒரு தடவை, 1881 முதல் 1915 வரை ஒரு தடவை தேடுங்கள். வந்த பட்டியலைப் பதிவு மாவட்டவாரியாக எண்ணுங்கள். அபூர்வப் பெயரில் இது அரைமணி வேலை. பெயர் எங்கே வேர் ஊன்றியிருந்தது, எங்கே நகர்ந்தது என்று கண்ணெதிரே விரியும்.

தவறு நேரும் இடங்கள்: அட்டவணை மூன்று மாதத்துக்கு ஒன்று. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு என்பதால் டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டு மார்ச் காலாண்டில் நிற்கலாம். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இந்த அட்டவணையில் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். அதற்கு முன்பு வேண்டுமென்றால் அரசுப் பதிவகமான ஜிஆர்ஓ தளத்துக்குப் போக வேண்டும். அங்கே அட்டவணையைப் புதிதாகத் தயாரித்ததால் 1837-லிருந்தே தாயின் பெயர் இருக்கிறது. ஆனால் ஒரு தேடலில் ஓராண்டும், முன்பின் இரண்டு ஆண்டும்தான். ஆண், பெண் தனித்தனியாகத் தேட வேண்டும். பொறுமை தேவை. சான்றிதழ் வாங்குவதாக இருந்தால் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்துவிட்டு உட்காருங்கள்.

ஃபேமிலிசர்ச் இலவசம், கணக்குத் தொடங்க வேண்டும். 1881 கணக்கெடுப்பை அங்கே பிறந்த ஊரோடு பார்க்கலாம். வசிக்கும் ஊரைவிடப் பிறந்த ஊர்தான் பெயரின் வேருக்கு வழி காட்டும். ஊரிலேயே இருப்பவரை ஊர்ப் பெயரால் யாரும் அழைப்பதில்லை. காரைக்குடிக்காரர் சென்னைக்குப் போன பிறகுதான் ‘காரைக்குடியார்’ ஆகிறார். ஆங்கில ஊர்ப் பெயர்களும் அப்படித்தான் பலருக்கு ஒட்டின, ஊரின் நிலத்துக்கு உடையவராக இருந்தவரைத் தவிர. இந்தத் தளத்தில் மற்றவர் கட்டிவைத்த வம்ச மரங்களை மட்டும் தொடாதீர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆவணம் இணைக்காத கிளையெல்லாம் ஆசையில் வளர்ந்தது.

பெட்டிக்காரர் இந்தியாவில் வாழ்ந்தவரா என்று பார்க்க ஃபிபிஸ் தளம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் இலவசத் தரவுத்தளம் அது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள தேவாலயப் பதிவுகளில் ‘என் 2’ வரிசை சென்னை மாகாணத்துக்கு உரியது. நம் பக்கத்து ஆட்களை அங்கேதான் தேட வேண்டும். ‘என் 1’ வங்காளம், அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். இங்கிலாந்து உயில் அட்டவணையும் 1858 முதல் இணையத்தில் உண்டு. இந்தியாவில் இறந்து அங்கே சொத்து வைத்திருந்தவர்கள் அதில் அகப்படுவார்கள்.

இரண்டு குடும்பப் பெயர் சேர்ந்த இரட்டைப் பெயர் ஒன்று திடீரென்று முளைத்திருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஆண் வாரிசு இல்லாமை. நகரத்தாரில் அதற்குச் சுவீகாரம், அதுவும் ஒரே கோயில் பிரிவுக்குள். அங்கே உயிலில் ‘என் பெயரையும் கேடயத்தையும் ஏற்றால்தான் சொத்து’ என்று எழுதிவிடுவார்கள். அரச அனுமதி வாங்கிப் பெயரைச் சேர்த்துக்கொள்வார் வாரிசு. அரசிதழான லண்டன் கெஜட்டில் அறிவிப்பு வந்திருக்கும், தேடிப் பார்க்கலாம். இது தெரியாமல் எண்ணினால், வேறு ரத்தம் ஒன்று செட்வுட் கணக்கில் ஏறிவிடும்.

கேடயம் விற்பவர்களுக்குப் பத்துக்குப் பூஜ்யம். ஆங்கிலச் சட்டப்படி கேடயச் சின்னம் ஒரு மனிதருக்கும் அவர் நேர் வாரிசுகளுக்கும் கொடுப்பது, பெயருக்குக் கொடுப்பதல்ல. கேடயச் சின்னங்களை வழங்கும், 1484-இல் தொடங்கிய ஹெரால்டுகள் கல்லூரி இன்றும் அதைத்தான் சொல்கிறது. செட்வுட் குடும்பத்துக்கு 1700-இல் பேரோனெட் என்னும் பரம்பரைப் பட்டமும், தளபதிக்கு 1945-இல் பிரபுப் பட்டமும் வந்தது உண்மை. அதற்காக அந்தப் பெயர் எழுதிய ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தச் சின்னம் பொருந்தாது. ஒருவருடைய விலாசத்தின், அதாவது குடும்பத் தலைப்பெழுத்து வரிசையின், முதல் எழுத்துகள் நம் வீட்டுப் பாத்திரத்தில் உள்ள எழுத்துகளோடு ஒத்துப்போனால் அவர் நமக்குப் பங்காளி ஆகிவிடுவாரா?

கடைசியாக, எந்தச் சேவைக்கும் முன்னால் பெயரைச் சரியாகப் படிக்க வேண்டும். சில சாமான்களில் பெயர் பொறித்திருக்கும் பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் விற்கிறார்கள். மெல்லிய வெட்டு அதிலேயே பாதி போய்விடும். தேய்க்காத தகடாகக் கேளுங்கள். இருட்டில் வைத்து டார்ச்சைத் தகட்டுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழும், ‘இ’யா ‘ஓ’வா என்று தெரிந்துவிடும். டார்ச்சை நான்கு பக்கமும் நகர்த்தி நான்கு படம் எடுங்கள். தெளிவில்லாத எழுத்துக்குப் பதில் புள்ளி வைத்து எழுதிக்கொண்டு, பொருந்தக்கூடிய ஒவ்வொரு எழுத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு ஃப்ரீபிஎம்டியில் தேடுங்கள். ஒரு பதிவுகூட வராத கூட்டல்களை அடித்துவிட்டு வந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான்.