கூண்டு எட்டு ஆனால்: எழில், ஸ்கிராட்ச், பைத்தான்

கடலூர் முதுநகர்ப் பிள்ளைகளுக்குப் புயல் கூண்டு பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒன்று, இரண்டு என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. மூன்று, நான்கு உள்ளூர் எச்சரிக்கை. ஐந்திலிருந்து ஏழு வரை அபாயம், எட்டிலிருந்து பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் நிபந்தனைக் கூற்றைச் சொல்லித்தர இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளை இதே கணக்கை மூன்று நிரல்மொழிகளில், அதாவது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழிகளில், எழுதவைத்தேன்.

முதலில் எழில். முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி இது. எழிலையே பைத்தானில்தான் எழுதியிருக்கிறார்கள்.

@(கூண்டு >= 8) ஆனால்
    பதிப்பி "பெரும் அபாயம்"
@(கூண்டு >= 5) இல்லைஆனால்
    பதிப்பி "அபாயம்"
@(கூண்டு >= 3) இல்லைஆனால்
    பதிப்பி "உள்ளூர் எச்சரிக்கை"
இல்லை
    பதிப்பி "தூரப் புயல்"
முடி

சொற்கள் தமிழில் இருப்பதைவிட, அவை நிற்கும் இடம்தான் எனக்குப் பிடித்தது. 'மழை பெய்தால்' என்று சொல்லும்போது 'ஆல்' கடைசியில் வருகிறது. எழிலிலும் நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால். பிள்ளைகள் வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினார்கள். ஒரு சிக்கல் உண்டு. 'வந்தேன், ஆனால் பார்க்கவில்லை' என்கிற 'ஆனால்'தான் நாம் தினமும் பேசுவது. ஒரு பையன் முதல் வரியைப் படித்துவிட்டு, "எட்டு, ஆனா... ஆனா என்னக்கா?" என்று கேட்டான். 'எட்டு என்று ஆனால்' எனப் பிரித்துச் சொன்னதும் பிடித்துக்கொண்டான். பெரிய தொல்லை தட்டச்சுதான். செல்போனில் தமிழ் அடிக்கும் பிள்ளை கம்ப்யூட்டர் கீபோர்டில் எழுத்தைத் தேடுகிறது. 'இல்லைஆனால்' ஒரே சொல், நடுவில் இடைவெளி விடக் கூடாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்திலிருந்து 2007இல் வெளிவந்த ஸ்கிராட்சில் இந்தத் தொல்லை கிடையாது. கட்டளை எழுதிய கட்டையைத் திரையில் இழுத்துப் பொருத்தினால் போதும், நிபந்தனைக்கு அறுகோண வடிவில் ஒரு குழி இருக்கும். ஆறாவதுக்குக் கீழே படிக்கும் பிள்ளை என்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். கூண்டுக் கணக்குக்கு மட்டும் இது இழுபறி. 'இல்லைஆனால்' வேலையைச் செய்யும் கட்டை இதில் இல்லை. ஒரு கட்டையின் வயிற்றுக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று மூன்று அடுக்கு வைக்க வேண்டும். 'எட்டோ அதற்கு மேலோ' என்று கேட்கும் குறியும் கிடையாது; பெரிது, சிறிது, சமம் மூன்றுதான். 'ஏழைவிடப் பெரிது' என்று மாற்றிக்கொண்டோம். கூண்டு முழு எண் என்பதால் சரி. மழை அளவு ஏழரை சென்டிமீட்டர் என்று வரும் கணக்கில் இந்தக் குறுக்குவழி தப்பாகிவிடும்.

அப்புறம் பைத்தான். 1991இல் வந்தது, நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலும் இதுதான். இஃப், எலிஃப், எல்ஸ் மூன்றே சொல், வரிக் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி. 'முடி' என்று எதுவும் கிடையாது. உள்ளே தள்ளி எழுதுவதுதான் எல்லை. ஒரு வரி நான்கு இடைவெளியும் அடுத்த வரி மூன்றும் தள்ளியிருந்தால் ஓடாது. பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுந்த இடம் வேறு. விசைப்பலகையில் வாங்கும் 8 பைத்தானுக்கு எண் அல்ல, எழுத்து. இன்ட் போட்டு எண்ணாக்காமல் ஒப்பிட்டால் டைப் எரர், அதாவது வகை பொருந்தாத பிழை, வரும். எரர் வந்தாலாவது பிழை இருப்பது தெரிந்துவிடும்.

எரரே வராத பிழை ஒன்றும் ஒரு பெண்ணுக்கு வந்தது. அவள் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பைத்தானில் அவள் ஒன்றிலிருந்து தொடங்கி ஏறுவரிசையில் எழுதியிருந்தாள். ஓடியது. பத்து என்று கொடுத்தால் 'தூரப் புயல்' என்று வந்தது. அவள் முகம் மாறிவிட்டது. பத்தாம் நம்பர் கூண்டு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. அதே வரிசையை எழிலில் எழுதிச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "கூண்டு ஒன்றோ அதுக்கு மேலயோ ஆனால்..." என்று நிறுத்தினாள். "பத்தும் இதுலயே மாட்டிக்குதேக்கா." பைத்தானுக்குத் திரும்பிப் போய் எட்டை மேலே ஏற்றினாள்.

அதனால்தான் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் எழில், பிறகு பைத்தான் என்று வைத்துக்கொண்டேன். பைத்தானை மட்டும் தொடங்கினாலும் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள்தான். எழுதியதைத் தன் பேச்சில் படித்துப் பார்க்கும் பழக்கம் எழிலில்தான் வந்தது.

கிளம்பும் நேரத்தில் அவளே கேட்டாள்: "பதினொன்னு குடுத்தா?" கொடுத்துப் பார்த்தோம். 'பெரும் அபாயம்' என்றது. திரும்ப உட்கார்ந்து, எட்டுக்கும் மேலே, இரண்டு சமக் குறி போட்டுப் பதினொன்றுக்கு ஒரு வரி சேர்த்தாள்.