எம்.பி.பி.எஃப் தடங்காட்டி: அல்சைமர் ஆய்வுக்கு ஏற்றதா?

அல்சைமர் நோயாளியின் மூளையில் செரட்டோனின் 1ஏ ஏற்பிகள் (செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருள் வந்து பற்றும் புரதங்கள்) எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதைப் பெட் ஸ்கேனில் காட்டும் தடங்காட்டிகளுள் (ஊசிவழி செலுத்திப் படமெடுக்கும் கதிரியக்கப் பொருள்களுள்), ஃபுளோரின்-18 ஏற்றிய எம்.பி.பி.எஃப்-ஐயே ஆய்வுக்கூடங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பேன். நோய் இன்னதென்று உறுதிசெய்துகொள்ள வரும் குடும்பத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்பன்-11 ஏற்றிய வே-100635 என்னும் மற்றொரு தடங்காட்டி இதைவிட இறுக்கமாக ஏற்பியைப் பற்றுகிறது; படமும் எடுப்பாக வருகிறது. ஆனால் அதன் கதிரியக்கம் 20 நிமிடத்தில் பாதியாகிவிடுவதால், அந்தக் கதிரியக்க அணுக்களை உண்டாக்கும் சைக்ளோட்ரான் கருவி அதே வளாகத்தில் இருந்தாக வேண்டும். ஃபுளோரின்-18 பாதியாக ஏறக்குறைய 110 நிமிடம் ஆகிறது. மேலும், சிறுமூளையில் இவ்வேற்பிகள் மிகக் குறைவு என்பதால் அதையே ஒப்பீட்டு அளவாகக் கொண்டு கணக்கிடலாம். தமனியில் குழாய் செருகி அடிக்கடி இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. எங்கே படுத்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும் ஒருவருக்கு இது சிறிய நிம்மதியன்று.

குறை, படுத்திருக்க வேண்டிய நேரம்தான். ஊசி போட்டது முதல் சுமார் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தலையை அசைக்காமல் இருக்க வேண்டும். சற்றே திரும்பினாலும் நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியாகிய ஹிப்போகாம்பஸின் விளிம்பு பக்கத்துத் திசுவோடு கலந்து மங்கிவிடுகிறது. இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றுண்டு. அல்சைமரில் ஹிப்போகாம்பஸ் சுருங்குவதால், ஏற்பிகளின் அடர்த்தி மாறாவிட்டாலும் குறைந்ததுபோலவே படம் காட்டக்கூடும். எனவே எம்.ஆர்.ஐ படத்தோடு பொருத்தித் திருத்தப்படாத எண்ணை நான் நம்புவதில்லை.

இத்தடங்காட்டியைக் கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, அல்சைமர் நோயாளிகளின் ஹிப்போகாம்பஸில் ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. 2007-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வோ, லேசான அறிவாற்றல் குறைபாடு (அல்சைமருக்கு முந்தைய நிலையாக இருக்கக்கூடியது) உள்ளவர்களிடம் அதே இடத்தில் தடங்காட்டியின் பற்றுகை கூடியிருப்பதையும், அல்சைமரில் அது குறைந்திருப்பதையும் கண்டது. இழப்பை ஈடுகட்ட மூளை முதலில் முயல்கிறது என்பதற்கு இது அறிகுறியாக இருக்கலாம். எனக்கு இத்தடங்காட்டியின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. அதே சமயம், எண் ஏறி இறங்கக்கூடியது என்றால், ஒரே ஒரு ஸ்கேனை வைத்து ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று எப்படிச் சொல்வது?

நினைவிழப்புக்குக் காரணம் அல்சைமர்தானா என்று மருத்துவர் ஆராயும்போது, அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்னும் புரதப் படிவைக் காட்டும் ஃபுளோர்பெட்டாபிர் ஸ்கேன் குறித்துக் குடும்பத்தார் கேட்கலாம். அது 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எம்.பி.பி.எஃப் வாங்கும் ஆய்வுக்கூடங்கள், அதே நபரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து ஸ்கேன் செய்யவும், செரட்டோனினைப் பாதிக்கக்கூடிய மனச்சோர்வு மருந்துகளை அவர் உட்கொண்டால் அவற்றை ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கவும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.