ஷெர்ரின் தோல் பந்தும் டோனி லாக்கெட்டின் 1360 கோல்களும்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தின் அதிகாரபூர்வப் பந்தான ஷெர்ரின், நான்கு தோல் துண்டுகளைத் தைத்து, மேலே நாடா கோத்து முடியப்பட்ட நீள்வட்டப் பந்து. பகல் ஆட்டத்துக்குச் சிவப்பு, இரவு ஆட்டத்துக்கு மஞ்சள். புதிதாக வாங்கியதும் கைக்கு வழுக்கும், காலுக்குக் கெட்டியாக இருக்கும். உதைத்து உதைத்துத் தோல் இளகிய பிறகே விரல்களுக்குப் பிடி கிடைக்கிறது.

கோலை நோக்கி உதைப்பவர்கள் பெரும்பாலும் நம்புவது 'டிராப் பண்ட்' உதையை. பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, சாயாமல் கைவிட்டு, அதன் கீழ்முனையில் உதைத்தால் அது பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும்; கைவிடும்போது சற்றே சாய்ந்தாலும் ஒதுங்கிவிடும். நான் முன்பு வைத்திருந்த ஒரு மலிவான செயற்கைப் பந்து எப்படி உதைத்தாலும் காற்றில் அலைந்ததால், பிழை என் காலிலா பந்திலா என்றே விளங்கவில்லை. ஷெர்ரினில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை, பிழை முழுவதும் நம்முடையதே.

இந்தப் பந்தைக் கையில் எடுத்த பிறகுதான் ஆஸ்திரேலிய ரூல்ஸ் வீரர் டோனி லாக்கெட்டின் சாதனை எத்தகையது என்பது உறைக்கிறது. 1983இல் செயின்ட் கில்டா அணியில் தொடங்கி, 1995இல் சிட்னி ஸ்வான்ஸ் அணிக்கு மாறிய அவர், 281 ஆட்டங்களில் 1360 கோல்கள் அடித்தார். ஆறு பருவங்களில் நூறைத் தாண்டினார். 1987இல் பிரவுன்லோ (பருவத்தின் சிறந்த, நேர்மையான வீரருக்கு), கோல்மன் (அதிகக் கோல் அடித்தவருக்கு) பதக்கங்கள் இரண்டையும் ஒரே ஆண்டில் பெற்றார். என்னை மலைக்க வைப்பது அந்த மொத்தக் கணக்கு அல்ல, 1995இல் ஃபிட்ஸ்ராய்க்கு எதிரான ஒரே ஆட்டம்: 6.4 மீட்டர் இடைவெளியுள்ள கம்பங்களுக்கிடையே 16 கோல்கள், ஒரு 'பிஹைண்ட்' (கோல் கம்பங்களுக்கு வெளிப்பக்கம் ஒதுங்கி, கோலின் ஆறு புள்ளிகளுக்குப் பதில் ஒன்று மட்டும் தரும் உதை) கூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1996இல் இறுதிப் போட்டிக்கு முந்தைய தகுதி ஆட்டத்தில் எசெண்டனுக்கு எதிராக ஸ்வான்ஸை இறுதிப் போட்டிக்கு அனுப்பியது, ஆட்டம் முடிந்த சங்கொலிக்குப் பின் அவர் அடித்த ஒற்றைப் புள்ளி பிஹைண்ட்தான். அந்த இறுதிப் போட்டியில் நார்த் மெல்போர்னிடம் தோற்றதால் சாம்பியன் பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை. 1999 ஜூன் 6 அன்று சிட்னி மைதானத்தில் கோர்டன் கவென்ட்ரியின் 1299 கோல் சாதனையை அவர் முறியடித்தபோது ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் பாய்ந்தார்கள். எதிரணி, கவென்ட்ரியின் பழைய அணியான காலிங்வுட்.

வயதுவந்த ஆண்கள் ஐந்தாம் எண் அளவுத் தோல் பந்தையே வாங்கலாம். சிமென்ட் தரையில் ஆடினால் தோல் சீக்கிரம் உரிந்துவிடும் என்பதால் புல்வெளி கட்டாயம். சிறு பிள்ளைகளுக்கு அதே நிறுவனத்தின் சிறிய செயற்கைப் பந்தே போதும்.