கொத்துகிற கோழியை அடைப்பதா, கொத்துப்பட்டதை அடைப்பதா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்பது பெட்டைக்கோழிகள் இருக்கின்றன. தோட்டத்து லயத்தைவிட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா கோழி வளர்ப்பதை மட்டும் விடவில்லை. மூன்று மாதத்துக்கு முன் அந்த ஒன்பதில் செவலையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லாமல் போயிற்று. வாலடியில் புதிதாக முளைத்த குருத்திறகுகள் பாதியில் ஒடிந்து, நுனியில் ரத்தம் கோத்து நின்றன. கறுப்பி பின்னால் வந்து அதில் ஒன்றைப் பிடுங்கி விழுங்கிவிட்டு, அடுத்ததற்குக் கழுத்தை நீட்டியதைக் கண்ணால் பார்த்தேன். செவலை ஓடக்கூட இல்லை, மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது.

இதற்குப் பலரும் பல வழி சொன்னார்கள். நான் கடைசியில் கறுப்பியைத்தான் தனியே அடைத்தேன். அதனால் நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூக்கு வெட்டுவதை நான் யோசிக்கவே இல்லை. “நுனிய லேசா சீவி விட்டுடும்மா, ஒரே நாள்ல அடங்கிடும்” என்றார் பக்கத்து வீட்டு மாமா. தோட்டத்தில் அப்படித்தான் செய்தார்களாம். ஆனால் அலகு வெறும் நகம் இல்லை, உள்ளே நரம்பும் ரத்தமும் ஓடுகின்றன. கோழி உலகத்தைத் தொட்டுப் பார்ப்பதே அதனால்தான். நார்வேயில் 1974-லும் ஸ்வீடனில் 1988-லும் இதைத் தடை செய்துவிட்டார்கள்.

ஊதா மருந்து பூசினால் காயத்தின் சிவப்பு மறையும். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் கொத்த வரும் என்பதால் அதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஜென்ஷன் வயலட்டை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அமெரிக்காவில் அனுமதிப்பதில்லை. நாங்கள் முட்டை சாப்பிடுகிற வீடு. உப்புத் தண்ணீரில் கழுவி மஞ்சள் பூசினேன், அவ்வளவுதான்.

மூக்குத் துளையில் மாட்டும் பிளாஸ்டிக் கண்மறைப்பு, சில ரிங்கிட்டுக்கே கிடைக்கிறது. நேர் எதிரே இருப்பதை மறைக்கும், பக்கவாட்டில் பார்க்கலாம். போன வருஷம் வேறொரு கோழிக்கு இரண்டு வாரம் மாட்டினேன். முதுகைக் கொத்துவது நின்றது நிஜம். ஆனால் தட்டில் இருந்த தீவனத்தையும் குறிதவறிக் கொத்தியது. ஆழமான பாத்திரம் வைத்த பிறகுதான் வயிறு நிறையத் தின்றது. கழற்றிய அன்று மாலையே பழைய குருடி கதவைத் திறடி. ஒரே கோழியில் பார்த்ததுதான், எல்லாக் கோழிக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன்.

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எந்த வழியானாலும் அது நடக்கிற நாளில் அமைதியாகத்தான் இருக்கும். அதை நிறுத்தித் திரும்பக் கூட்டத்தோடு சேர்க்கிற நாளில் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

செவலையை முதலில் தனியே வைத்ததும் நான்தான். அடிபட்டதைக் காப்பாற்றத்தானே யாருக்கும் தோன்றும்? சமையலறைப் பக்கம் கூண்டில் பத்து நாள் வைத்தேன். காயம் ஆறியது, கொண்டை சிவந்தது. திரும்ப விட்டேன். கறுப்பி வருவதற்கு முன்பே மற்ற நாலைந்து கோழிகள் பாய்ந்தன. அதுவரை செவலையை ஒரு முறைகூடத் தொடாத சாம்பல் விடைக்கோழியும் மேலே ஏறிக் கொத்தியது.

காரணம் இல்லாமல் இல்லை. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று வரிசை உண்டு. நார்வேக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பெ 1920-களிலேயே அதை எழுதிவைத்தார். ஒவ்வொன்றும் மற்றதைத் தலையையும் கொண்டையையும் வைத்து அடையாளம் கண்டு அந்த வரிசையைக் காக்கிறது. பத்து நாள் கண்ணில் படாத கோழி அந்த வரிசையில் இருந்த இடத்தையும் இழந்துவிடுகிறது. காயம் ஆழமாக இருந்து பிரிக்கத்தான் வேண்டும் என்றால், கூட்டத்தின் பார்வையிலேயே கம்பி வலைக்கு அந்தப்பக்கம் வையுங்கள்.

இடத்தை இழக்க வேண்டியது கறுப்பிதானே. அதைத் தூக்கி வீட்டு முன்பக்கம் கார் நிற்கிற நிழலில், மற்ற கோழிகள் தெரியாத இடத்தில், கூண்டில் வைத்தேன். தீவனமும் தண்ணீரும் குறைவில்லாமல். இது தண்டனை இல்லை, பட்டினி போடக் கூடாது. மூன்றாம் நாள் அம்மா பாவம் பார்த்துத் திறந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் மறுபடி கறுப்பியின் ராஜ்ஜியம். இரண்டாம் முறை முழுதாக ஏழு நாள் வைத்தேன். அதற்குள் கொல்லையில் புள்ளிக்கோழி தலைமைக்கு வந்துவிட்டது, செவலை தட்டருகே நின்று தின்னத் தொடங்கியிருந்தது.

எட்டாம் நாள் காலை, எல்லாம் பால்மரச் சருகைக் கிளறிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கறுப்பியை விட்டேன். இரண்டு இடத்தில் தீவனம், நடுவில் கங்கோங் கீரைக் கட்டு ஒன்று தொங்கியது. புள்ளி நேராக வந்து உச்சந்தலையில் இரண்டு கொத்து. கறுப்பி தலையைத் தாழ்த்தி விலகிப்போயிற்று. அன்று ராத்திரி பரணில் கடைசியில் உட்கார்ந்தது. இன்றுவரை அங்கேதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தலையில் கொத்தி விரட்டுவது வேறு, முதுகிலும் வாலடியிலும் இறகு பிடுங்கித் தின்பது வேறு. முன்னது பதவிச் சண்டை. பின்னது தரையைக் கிளற வழியில்லாத கோழியும் புரதம் குறைந்த கோழியும் பழகிக்கொள்வது. கறுப்பி இரண்டையும் செய்தது. முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம் இருக்கும். நாங்கள் அதில் மீந்த சோறும் தேங்காய்ச் சக்கையும் கலந்து நீர்த்துவிட்டோம், இறகோ கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். அதே வாரத்தில் சோற்றை நிறுத்தினேன். இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) ஆயும்போது கிள்ளி எறிகிற தலைகளை உப்புப் போக அலசிப் போட்டேன். ராத்திரி டார்ச் அடித்துப் பேன், உண்ணி பார்த்தேன், இல்லை. அதனால் இறகு பிடுங்குவது நின்றது அடைத்ததாலா, தீவனத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பதவிச் சண்டை அடங்கியது அடைத்ததால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கோழிகள் அடையும் கூட்டில் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடிகூட இல்லையென்றால் ஒன்றை அடக்கினாலும் அடுத்தது ஆரம்பிக்கும், முதலில் இடத்தைப் பாருங்கள். இரண்டு கோழிகள் கூட்டுச் சேர்ந்து கொத்தினால் தனித்தனிக் கூண்டில் அடையுங்கள். திரும்ப விடும்போதும் ஒன்றை விட்டு, அது அடங்கிய பிறகு மற்றதை விடுங்கள்.