ஆயில் சான்றிதழ்: மதுரை வட்டாரத்து ஃபிட்டர் எதை முதலில் எழுதுவது?

கப்பலூர் தொழிற்பேட்டையிலோ ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளிலோ பராமரிப்புப் பிரிவில் இருப்பவர் மசகுப் பணிக்கென்று பன்னாட்டுச் சான்றிதழ் ஒன்றைப் பெற விரும்பினால், அவர் முன்னே முக்கியமாக இரண்டு அமைப்புகள் நிற்கின்றன. ஒன்று, 2001இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எம்.எல். எனப்படும் பன்னாட்டு இயந்திர மசகிடல் மன்றம். மற்றொன்று எஸ்.டி.எல்.இ. எனப்படும் உராய்வியலாளர், மசகுப் பொறியாளர் சங்கம்; 1944இல் அமெரிக்க மசகுப் பொறியாளர் சங்கமாகத் தொடங்கி, 1987இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இரண்டுமே அமெரிக்க அமைப்புகள்தாம் என்றாலும், அவை மனத்தில் கொண்டிருக்கும் ஆள் ஒருவரல்லர்.

ஐ.சி.எம்.எல். தரும் சான்றிதழ்களில் நம் ஆட்களுக்கு உடனடியாகப் பொருந்தக்கூடியவை எம்.எல்.டி. (மெஷின் லூப்ரிகேஷன் டெக்னீஷியன்) முதல் நிலையும் எம்.எல்.ஏ. (மெஷின் லூப்ரிகன்ட் அனலிஸ்ட்) முதல் நிலையும் ஆகும். (எம்.எல்.ஏ. ஆகிவிட்டேன் என்று மாட்டுத்தாவணியில் நின்று சொன்னால் எந்தத் தொகுதி என்றுதான் கேட்பார்கள். விண்ணப்பத்தில் முழுப்பெயரை எழுதிவிடுவது நல்லது.) முன்னது, எண்ணெயையும் கிரீஸையும் தேர்ந்தெடுத்துச் சேமித்து இயந்திரத்துக்குச் செலுத்துபவருக்கானது; பின்னது, மாதிரி எடுத்து ஆய்வறிக்கையைப் படிப்பவருக்கானது. இரண்டுக்கும் 100 கேள்விகள், 3 மணி நேரம், 70 விழுக்காடு தேர்ச்சி. எம்.எல்.டி.க்கு இரண்டாண்டுப் படிப்போ பணி அனுபவமோ இருப்பதுடன், 16 மணி நேர முறையான பயிற்சியும் வேண்டும்.

பலர் எம்.எல்.ஏ. பக்கமே சாய்கிறார்கள், ஏனெனில் 'ஆய்வு' என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு கிரீஸ் கன்னுக்கு இல்லை. என் கருத்து இதற்கு நேர்மாறானது. ஆலையில் உள்ள ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம்; அதில் 6310 பேரிங் இருக்கிறது. வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர், அகலம் 27 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கி 0.005ஆல் மீண்டும் பெருக்கினால், மறுமுறை இட வேண்டிய கிரீஸ் ஏறத்தாழ 15 கிராம் என்று வருகிறது. நம் கிரீஸ் கன் ஓர் அழுத்தத்துக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்பதைப் பத்து முறை அழுத்தி, வந்ததைத் தராசில் வைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? சீல் ஓரமாகப் பிதுங்கி வரும்வரை அழுத்துவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அதிகப்படியான கிரீஸ் கடையப்பட்டுச் சூடேறுவதும், உள்ளே கசிந்து மோட்டாரின் கம்பிச்சுற்றான வைண்டிங்கைத் தொடுவதும் அதனால்தான். லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் இருந்த இடத்தில் பாலியூரியா கிரீஸை ஏற்றிவிட்டு, இரண்டும் சேராமல் இளகி ஒழுகிய பிறகு பேரிங்கைக் குறை சொல்வதும் இதே வகைதான். எம்.எல்.டி. பாடத்திட்டம் திருத்த முனைவது இத்தகைய பழக்கங்களைத்தான்.

இதை நான் வலியுறுத்துவதற்குச் சொந்த அனுபவமும் ஒரு காரணம். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், ஒரு கியர்பாக்ஸின் அடித் திருகைத் திறந்தவுடன் வந்த எண்ணெயை, குடிதண்ணீர் பாட்டில் ஒன்றை அலசி அதில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். சிலிக்கானும் (அதாவது தூசியும்) நீரும் மிக அதிகம் என்று அறிக்கை வந்ததால் ஒரு பேரல் எண்ணெயை மாற்றினோம். அடுத்த மாதமும் அதே முறையில் எடுத்தோம், ஏறக்குறைய அதே அறிக்கைதான் வந்தது. நாங்கள் அனுப்பியது அடியில் தங்கிய மண்டியும் பாட்டிலில் ஒட்டியிருந்த தண்ணீரும் என்பது பிறகுதான் புரிந்தது. இயந்திரம் ஓடும்போதோ நிறுத்திய உடனேயோ, எண்ணெய் கலங்கியிருக்கும் நடுப்பகுதியிலிருந்து, அதற்கென்றே உள்ள தூய பாட்டிலில் எடுப்பதே முறை. இது எம்.எல்.ஏ. பாடத்தில் அடிப்படை, அந்த வகையில் அச்சான்றிதழுக்குள்ள மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. சூடான தட்டில், சுமார் 160 டிகிரியில், ஒரு சொட்டு எண்ணெயை விட்டால் அதிலுள்ள நீர் கடுகு வெடிப்பதுபோல் பொரியும் என்பதையும், 4, 6, 14 மைக்ரான் துகள்களின் எண்ணிக்கையை மூன்று எண்களாகச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 4406 குறியீட்டில் ஓர் எண் கூடினால் அழுக்கு இரட்டிப்பாகிறது என்பதையும் அறிந்தவர், ஆய்வகத்தின் அறிக்கையைக் கண்மூடி நம்ப மாட்டார்.

எஸ்.டி.எல்.இ.யின் சி.எல்.எஸ். (சர்டிஃபைட் லூப்ரிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்) சான்றிதழ் வேறு வகையைச் சேர்ந்தது. துறையில் மூன்றாண்டு அனுபவம் கேட்கும் அந்தத் தேர்வு, எண்ணெயின் வேதியியல் முதல் ஹைட்ராலிக் முறைகள் வரை விரிகிறது. எண்ணெய் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆலோசகருக்கும் விற்பனைப் பொறியாளருக்கும் அதுவே தகும். ஃபிட்டர் ஒருவர் அதிலிருந்து தொடங்குவது வீண் சிரமம். அதே அமைப்பின் எண்ணெய் ஆய்வுச் சான்றிதழான ஓ.எம்.ஏ., ஐ.சி.எம்.எல்.லின் எம்.எல்.ஏ.வுக்கு நேர்ப் போட்டி. பணியிடத்தில் எதை மதிக்கிறார்கள் என்று கேட்டுத் தேர்ந்துகொள்ளலாம்.

எண்ணெய் விற்பவர்கள் அரை நாள் கூட்டத்தின் முடிவில் தரும் சான்றிதழைப் பற்றி, மதிய உணவு நன்றாக இருக்கும் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆண்டிபட்டி, கம்பம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் என் வரிசை மாறும். கோபுரத்தின் உச்சியில் உள்ள கியர்பாக்ஸைக் கழற்றி இறக்குவதென்றால் பெரிய கிரேன் வேண்டும்; அதனால் அதன் எண்ணெயை மாதிரி எடுத்துப் பார்ப்பதே அங்கு அன்றாட வேலையாக இருக்கிறது. அவர்கள் எம்.எல்.ஏ.வை முதலில் எழுதலாம். எதை எழுதினாலும் இவ்விரு அமைப்புகளின் சான்றிதழ்களும் மூன்றாண்டுகளுக்கே செல்லும் என்பதால், கட்டணத்தை யார் கட்டுவது என்று நிர்வாகத்திடம் பேசும்போதே புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும்.