பஸ்ஸை மதிப்பிடுகிறவர்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை

கும்பகோணம் பக்கம் எங்கள் சொந்தத்தில் யாரிடம் கேட்டாலும் அரசு பஸ்ஸைப் பற்றி ஒரே பதில்தான்: கூட்டம், அழுக்கு, தாமதம். கடைசியாக எப்போது ஏறினீர்கள் என்று கேட்டால் யோசிக்கிறார்கள். இந்தமுறை சிங்கப்பூரிலிருந்து போனபோது முடிந்தவரை பஸ்ஸிலேயே சுற்றினேன். சித்தப்பாவுக்கு அது பெரிய மனக்குறை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி அனுப்பியிருப்பேனே! நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்றார்.

சென்னையிலிருந்து கும்பகோணம் என்றால் எங்கள் வீட்டில் முதலில் நினைப்பது உழவன் ரயிலைத்தான். ஆனால் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. தேதி உறுதியாகாமல் கிளம்புகிறவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் கதி. ஆம்னி பஸ்ஸில் படுத்துக்கொண்டு போகலாம், ஆனால் பண்டிகை நெருங்கினால் கட்டணம் எகிறிவிடும். அரசு பஸ்ஸின் கட்டணம் தீபாவளிக்காக ஏறுவதில்லை.

சிரமம் பஸ்ஸுக்கு வெளியில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட சென்னையின் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் விசாலமானது, 88 ஏக்கருக்கும் மேல். ஆனால் நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விமான நிலையத்தில் இறங்கினால் மெட்ரோ நகரத்துக்குள் அழைத்துப் போகிறது, கிளாம்பாக்கமோ எதிர்த்திசையில். பெட்டிகளோடு வந்திருந்த நான் டாக்ஸிதான் பிடித்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டுநர் நிதானமாக ஓட்டினார். நடத்துநர் ஒரு வயதானவரின் மூட்டையைத் தானே தூக்கி வைத்தார்.

வழியில் உணவகத்தில் நிறுத்தினார்கள். பெண்கள் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இன்னொன்றில் தண்ணீர் இல்லை. என் அத்தை பஸ் பயணம் என்றால் முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். பெண்கள் ரயிலையே விரும்புவதற்கு வேகமோ படுக்கையோ முதல் காரணமல்ல, இதுதான் முதல் காரணம். ஆண்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு எழுவதே இல்லை.

ஊருக்குள் ஓடும் டவுன் பஸ்ஸின் கதை வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நாச்சியார்கோவில் போகும்போது நான் காசை நீட்டினேன். நடத்துநர் வாங்க மறுத்து, கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டுகளை எண்ணித்தான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. கழகத்தின் கணக்கில் ஒவ்வொரு பெண்ணும் வருமானம்தான்.

பக்கத்தில் கீரை விற்கும் அம்மா ஒருவர் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் காலையில் ஒரு நடைதான் போவாராம். இப்போது மிச்சமிருந்தால் மதியமும் எடுத்துப் போகிறாராம். "பஸ்ஸுக்குக் காசு கொடு என்று மகனிடம் நிற்க வேண்டியதில்லை, தாயி" என்றார். பஸ்ஸைப் பற்றி அந்தப் பயணத்தில் நான் கேட்ட மிக முக்கியமான வாக்கியம் அது.

சுற்றிப் பார்த்தேன்: பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள். இளைஞர்கள் எல்லாரும் பைக்குக்கு மாறிவிட்டார்கள். காசும் செல்வாக்கும் உள்ளவர்கள் காருக்கு. சிங்கப்பூரில் கார் வாங்கும் உரிமைக்கே பெருந்தொகை கட்ட வேண்டும். அதனால் வங்கி அதிகாரியும் துப்புரவுப் பணியாளரும் ஒரே பஸ்ஸில் நிற்கிறார்கள், பஸ் தாமதமானால் இருவருமே புகார் செய்கிறார்கள். இங்கே அதிகாரியிடம் நேரே பேசக்கூடியவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். கடைசி பஸ் வராத இரவில் நடந்து வீடு சேர்கிறவரின் குறை யார் காதிலும் விழுவதில்லை. கூட்டம், அழுக்கு என்று பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

புதிய குளிர்சாதன பஸ்கள் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன், வழியில் பஸ்ஸை நிறுத்த ஓர் உணவகத்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரி, அங்குள்ள பெண்கள் கழிப்பறைக்குள் ஒருமுறை போய்ப் பார்க்க ஒரு பெண் ஊழியரை அனுப்பட்டும். தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் பஸ் நிற்கக் கூடாது.