கெலம் மக்ரேயின் 'நோ ஃபயர் ஸோன்': அழவைக்கும் படம் அல்ல, சரிபார்க்க வேண்டிய படம்

ஈழப்போரின் கடைசி மாதங்களைப் பற்றி கெலம் மக்ரே இயக்கிய ஆவணப்படங்கள் மூன்று. 2011 ஜூனில் பிரிட்டனின் சேனல் 4-இல் ஒளிபரப்பானது முதலாவது. அதன் தொடர்ச்சி 2012 மார்ச்சில் வந்தது. 2013 மார்ச்சில், ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடியிருந்த சமயம் ஜெனீவாவில் திரையிடப்பட்ட 93 நிமிட 'நோ ஃபயர் ஸோன்' மூன்றாவது. ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதையே பாருங்கள்.

பார்க்க உட்காரும் முன் ஒரு தாளில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரி 21: மக்கள் தஞ்சம் புகலாம் என்று இலங்கை அரசு அறிவித்த முதல் போர்த் தவிர்ப்பு வலயம் (படத்தின் பெயரான 'நோ ஃபயர் ஸோன்' இதுவே), சுமார் 35 சதுர கிலோமீட்டர். பிப்ரவரி 12: புதுமாத்தளன் கரையோரமாக இரண்டாவது, சுமார் 14. மே 8: மூன்றாவது, 2 தேறலாம். எந்தக் காட்சி எந்த வலயத்துக்குரியது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாம் ஒரே புகையும் ஓலமுமாகக் கலந்துவிடும். முதல் தடவை பார்ப்பவர்கள் பலருக்கு நேர்வது இதுதான்.

ஆதாரங்கள் மூன்று வகை. வலயத்துக்குள் சிக்கியிருந்தவர்களே எடுத்தவை, ஐ.நா. ஊழியர்களின் படங்களும் வாக்குமூலங்களும், வென்ற சிப்பாய்கள் கைபேசியில் பெருமைக்காகப் பிடித்து வைத்தவை. சர்ச்சை முழுவதும் மூன்றாவது வகையைச் சுற்றியே நடந்தது. கைகள் கட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொல்லும் காணொளி 2009 ஆகஸ்டில் சேனல் 4-இல் வெளிவந்ததும் கொழும்பு அதைப் போலி என்றது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகளை ஆராயும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் தடயவியல், துப்பாக்கி, காணொளி நிபுணர்கள் மூவரிடம் அதைக் கொடுத்தார். கோப்பில் பதிந்திருந்த தேதி போர் முடிந்த பிறகான ஜூலை மாதத்தைக் காட்டியது உள்ளிட்ட சில விஷயங்களுக்கு அவர்களால் விளக்கம் தர முடியவில்லை. அதை மறைக்காமலேயே, காணொளி உண்மையானதாகத் தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார்கள். 2011-இல் நீளமான பிரதி கிடைத்தபோது அடுத்து வந்த அறிக்கையாளரும் அதையே உறுதிசெய்தார். போலி என்பவரோடு வாதாடுபவர்கள் இந்தத் தேதிக் குழப்பத்தை ஒளிக்க வேண்டாம். தெரிந்து பேசினால்தான் வாதம் நிற்கும்.

மக்ரேயின் திறமை முழுதாகத் தெரிவது புலிகளின் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரன் பற்றிய பகுதியில். மார்பில் ஐந்து குண்டுக் காயங்களோடு கிடக்கும் உடல் 2012-லேயே காட்டப்பட்டுவிட்டது. 2013-இல் சேர்ந்தவை, காவலரணில் அவன் உயிரோடு உட்கார்ந்து ஏதோ தின்னும் படங்கள். இரண்டையும் எடுத்தது ஒரே கேமரா. இடைவெளி சில மணி நேரம். முதல் காயத்தைச் சுற்றித் தோலில் பதிந்த வெடிமருந்துப் புள்ளிகளை வைத்து, இரண்டு மூன்று அடிக்குள்ளிருந்து சுட்டிருக்கிறார்கள் என்கிறார் நோயியல் பேராசிரியர் டெரிக் பவுண்டர். 'சண்டையில் சிக்கி இறந்தான்' என்ற பேச்சுக்கு அதன்பின் இடமில்லை. இசையோ விளக்கவுரையோ செய்யாத வேலையை அந்தப் புள்ளிகள் செய்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் படம் சொல்கிறது; ஆனால் ஓட்டமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கை இதற்குக் கொடுத்த இடம் கணிசமானது. இறந்தவர் தொகையிலும் கவனம் தேவை. நிபுணர் குழு சொன்னது '40,000 வரை இருக்கலாம்' என்பதே. 70,000-க்கு மேல் என்பது 2012-இல் வந்த ஐ.நா.வின் உள்ளக ஆய்வில் கணக்கில் வராதவர்களுக்கான எண். அதைக் கொல்லப்பட்டவர் எண்ணாக மேடையில் முழங்குவது படத்துக்குச் செய்யும் கெடுதல்.

தடைகளின் கதை நீளம். முதல் படத்தின் மீது வந்த 118 புகார்களை விசாரித்த ஆஃப்காம் (பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு) விதிமீறல் இல்லை என்றது. இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு பதில் படமே எடுத்தது. அதையும் தேடிப் பாருங்கள், எதை மறுக்கிறார்கள், எதைத் தொடாமல் விடுகிறார்கள் என்று புரியும். காமன்வெல்த் மாநாட்டுக்காக 2013 நவம்பரில் கொழும்பு வந்த மக்ரே குழு கிளிநொச்சிக்கு ரயிலில் போனபோது அனுராதபுரத்தில் மறிக்கப்பட்டது. இந்தியத் தணிக்கை வாரியம் 2014-இல் சான்றிதழ் மறுக்க, படத்தை இங்கே இணையத்தில் இலவசமாகவே திறந்துவிட்டார்கள். மலேசியாவில் தணிக்கை பெறாமல் திரையிட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளருக்கு 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம். ஆகவே பொது மண்டபத்தில் திரையிட நினைப்பவர்கள் அந்த ஊர்ச் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறுவர்களை உள்ளே விடாதீர்கள். நிர்வாணமாக்கப்பட்ட பெண்களின் உடல்கள் வரும் இடங்கள் உண்டு; போர் நடந்த வன்னியிலிருந்து வந்தவர்கள் பார்வையாளர்களில் இருக்கலாம். முன்கூட்டியே சொல்லி, கதவோரம் நாலு இருக்கைகளைக் காலியாக வைத்திருங்கள்.